வாங்குகிறவர் தராசு

மார்ச் 4

தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை நான்தான் வைத்தேன். கைதவறி வைக்கவில்லை. இந்த விஷயம் முடியும்வரை நாம் எழுத்தில் மட்டும் பேசுவோம். பேச்சில் நீ சிரித்துச் சமாளித்துவிடுகிறாய், நான் கத்திவிடுகிறேன். அறுபத்தெட்டு வயதுக்காரிக்கும் ஐம்பத்தாறு வயதுக்காரனுக்கும் இரண்டுமே அழகல்ல.

டாக்டர் சொன்னதை நீ பாதிதான் கேட்டிருப்பாய் என்பதால் முழுவதையும் எழுதிவைக்கிறேன். உன் எடை எண்பத்தாறு கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மே பத்தாம் தேதிக்குள் எழுபத்தெட்டு கிலோவுக்கு வந்தால் உன் சிறுநீரகம் ஒன்றை எடுத்து எனக்கு வைப்பார். வராவிட்டால் உன் உடம்பில் கத்தி வைக்க மாட்டார். அதுவரை வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரம் என் இரத்தத்தைக் கழுவித் தரும். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். அங்கே நாற்காலிகள் வசதியாகவே இருக்கின்றன.

நீயோ எடையளவு ஆய்வாளர் வேலையாகப் பத்து வாரம் ஊர் ஊராகக் கடைத் தராசுகளைச் சோதிக்கக் கிளம்பிவிட்டாய். வேனில் உட்கார்ந்தே பயணம், ஓட்டல் சாப்பாடு, விடுதிக் கட்டில். எட்டு கிலோ தானாகக் கரையாது. அதனால் சொல்கிறேன். பசி வந்தபின் கடை தேடாதே. பசித்தவன் கண்ணுக்கு எல்லாம் எண்ணெயில்தான் மிதக்கும். அவித்த முட்டையும் வெள்ளரியும் ஒரு டப்பாவில் எப்போதும் வேனில் இருக்கட்டும். தட்டில் பாதி காயாக இருக்க வேண்டும். காலையில் நாற்பது நிமிடம் நட. எந்த ஊரானாலும் சாப்பாட்டு நேரம் மாறக் கூடாது. நான் தங்கிப் படித்த கான்வென்டில் மணி அடித்தால் சாப்பிடுவோம், மணி அடித்தால் எழுந்துவிடுவோம். ஒருத்தியும் குண்டாக இருந்ததில்லை.

வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுது. கடிதத்தின் அடியில் அடுத்த ஊர் விடுதியின் முகவரியைத் தெளிவாக எழுது. இதெல்லாம் உன் உடம்புக்கு நல்லது என்பதால்தான் சொல்கிறேன்.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. விடுதி மேலாளர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோர்ட்டுலேருந்தா சார்?" என்றார். உன் கையெழுத்தின் மிடுக்கு அப்படி. "அதுக்கும் மேல. எங்க அக்கா" என்றேன்.

நடக்கிறேன். இந்த ஊர்ச் சாலையில் லாரிகள் தோளை உரசுவதால் விடுதித் தாழ்வாரத்திலேயே நடந்தேன். மூன்றாம் நாள் மேலாளர் வந்து, "ரூம் பிடிக்கலன்னா சொல்லிடுங்க சார். இப்படி முன்னயும் பின்னயும் போனா பக்கத்து ரூம்காரங்க பயப்படறாங்க" என்றார். இப்போது மாடிப்படி. நான்கு மாடி, ஐந்து தடவை ஏறி இறங்குகிறேன். டிரைவர் கீழே நின்று எண்ணிக்கை சொல்கிறார். ஏறுவது நான், மூச்சு வாங்குவது அவர்.

காலையில் இரண்டு முட்டை, ஒரு துண்டு ரொட்டி. மதியம் கொஞ்சம் சோறு, கொஞ்சம் மீன், நிறையக் காய். கடைக்காரர்கள் எதையாவது நீட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் தராசு சோதிக்கப் போன இடத்தில் ஆய்வாளர் ஒரு வாய்த் தேநீர்கூட வாங்கக் கூடாது. முப்பது வருடமாக "வேண்டாம்" சொல்லிப் பழகிய வாய் இது. அதனால் எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்று பழைய இரும்பு வாங்கும் கடையில் தராசின் மேல் ஏறிப் பார்த்தேன். 84.5.

ஒன்று கேட்க வேண்டும். "எங்கிட்ட நீ ஒரு வார்த்தை கேக்கவே இல்லையேக்கா" என்றுதானே ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்? அதற்குப் போய்த் தொலைபேசியை வைப்பாயா?

தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

ஒன்றரை கிலோ குறைந்ததில் மகிழ்ச்சி. ஆனால் உன் கடிதத்தில் "கொஞ்சம்" இரண்டு முறை வருகிறது. கொஞ்சம் என்பது எந்த நாட்டு அளவு? ஊரெல்லாம் போய் அளவு பார்க்கிறவன் வீட்டுக் கடிதத்தில் இப்படி எழுதலாமா? எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. அதில் மாத்திரை விழுங்கும் தண்ணீரும் சேர்த்தி. நான் "கொஞ்சம் குடித்தேன்" என்று நர்ஸிடம் சொன்னால் விடுவாளா?

நடை மட்டும் போதாது. தசைக்கும் வேலை வேண்டும் என்று மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். உன் வேனில்தான் ஐந்து கிலோ, பத்து கிலோ எடைக்கற்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றனவே, காலையில் ஐந்து கிலோவை இருபது முறை தூக்கி இறக்கு. செலவில்லாத உடற்பயிற்சி.

நான் கேட்கவில்லை என்கிறாய். டாக்டர் கேட்டார், நீ தலையாட்டினாய். ஒரே கேள்வியை இரண்டு பேர் கேட்பது வீண்.

வாழைப்பழம் எனக்குத் தடை. நீயாவது சாப்பிடு. ஒன்று. "கொஞ்சம்" அல்ல.

அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லவேளை, உன் கடிதத்தை டிரைவருக்குப் படித்துக் காட்டவில்லை. சோதனை எடைக்கல் என்றால் எங்களுக்கு என்ன தெரியுமா? அதில் வெறும் கை படக் கூடாது. வியர்வை பட்டால் துரு, துரு பிடித்தால் எடை மாறும். கையுறை போட்டு, பஞ்சு மெத்தை வைத்த பெட்டியிலிருந்து குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி, அப்படியே திரும்பவும் படுக்கவைப்போம். அதை வைத்து நான் பனியனோடு குதித்தால் என்னை வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள். உடற்பயிற்சி அவர்களுக்கு.

இரண்டு தண்ணீர்ப் புட்டிகளில் மணல் நிரப்பிக்கொண்டேன். தூக்குகிறேன். அதைப் பார்த்த டிரைவர், "சார், நீங்க மெலியறீங்களோ இல்லையோ, என் வண்டி ஃபுல்லா மணலு" என்கிறார்.

சாப்பாட்டு நேரம்தான் ஒரே மணியில் நிற்கவில்லை. சந்தையில் தராசுகளைச் சோதிக்க ஆரம்பித்தால் பாதியில் விட்டு எழ முடியாது. எழுந்தால் மீதித் தராசுகள் பின்வாசல் வழியாகப் போய்விடும். நேற்று மதியச் சாப்பாடு நான்கரை மணிக்கு. டப்பா முட்டை காப்பாற்றியது.

தானியம் வாங்கும் கிடங்கில் எடை பார்த்தேன். 82. சென்ற வாரம் மீன் வாங்கிப் பெட்டி போடும் கொட்டகையில் 83 இருந்தது. இறங்குமுகம்தான்.

டாக்டர் கேட்டதும் நீ கேட்பதும் ஒன்றா என்று யோசித்துக்கொண்டே படியேறுகிறேன். எத்தனையாவது தடவை ஏறுகிறேன் என்பது மறந்துபோகிறது.

தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

எனக்கு ஒன்று விளங்கவில்லை. நீ விளக்க வேண்டும்.

சனிக்கிழமை உன் மனைவி பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். (பாதிப் பழங்கள் எனக்கு ஆகாதவை. அதைச் சொல்லவில்லை, சிரித்தபடி வாங்கிக்கொண்டேன்.) முந்தின வாரம் நீ ஒருநாள் வீட்டுக்கு வந்துபோனதைச் சொன்னாள். "நாலு கிலோ குறைந்தவன் எப்படி இருக்கிறான்?" என்று பெருமையாகக் கேட்டேன். அவள் என்னையே பார்த்துவிட்டு, "நாலு கிலோவா? பெல்ட்டு அதே ஓட்டையிலதான் நிக்குது அண்ணி. வெள்ளைச் சட்டை வயித்துல பிடிக்குதுன்னு அவரேதான் கழட்டிப் போட்டுட்டுப் போனாரு" என்றாள்.

உன் முடிவைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்றும் கேட்டேன். "நான் வேணாம்னா நாத்தனார் பாவம், சரின்னா எம்பிள்ளைங்க பாவம். நான் வாயத் தொறக்கறதா இல்ல" என்று சொல்லிவிட்டு என் சமையலறையைத் துடைக்கப் போய்விட்டாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

எடை குறைகிறது, இடுப்பு குறையவில்லை. இது எப்படி? பெல்ட் பொய் சொல்கிறதா, தராசு பொய் சொல்கிறதா? மூன்றாவது ஒன்றும் உண்டு. அதை நான் எழுத விரும்பவில்லை.

அக்கா

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றாவதுதான்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். கள்ளத் தராசில் இரண்டு ஜாதி உண்டு. விற்கிறவர் தராசு கூட்டிக் காட்டும். முக்கால் கிலோ வைத்தால் ஒரு கிலோ என்னும். வாங்குகிறவர் தராசு குறைத்துக் காட்டும். குடியானவன் நூறு கிலோ கொண்டுவந்தால் தொண்ணூற்றைந்து என்னும். இந்தத் தொழிலில் முதல் மாதமே கற்றுக்கொள்கிற பாடம் இது. நான் ஏறிய தராசுகளை நீயே பார். பழைய இரும்பு வாங்கும் கடை, மீன் வாங்கும் கொட்டகை, தானியம் வாங்கும் கிடங்கு. எல்லாம் வாங்குகிறவர்களுடையவை. மூன்றிலும் சோதனைக்கு முன்பு ஏறினேன். பிறகு எடைக்கல் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை கிலோ, மூன்று கிலோ, நான்கு கிலோ என்று ஒவ்வொன்றும் தள்ளி நின்றது. தராசைப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்து, உரிமையாளரிடம், "ஏன்யா, வெயில்ல காயறவன் வயித்துல அடிக்கிறியே, உனக்கு உறுத்தலையா?" என்று கத்திவிட்டு வந்தேன். வந்து உனக்கு அந்தத் தராசு முதலில் காட்டிய பொய் எடையையே எழுதினேன்.

நேற்று நானே சரிபார்த்த தராசில் ஏறினேன். 85.8. ஆறு வாரத்தில் இருநூறு கிராம்.

முட்டையும் காயும் படிக்கட்டும் பொய்யில்லை, அக்கா. அவற்றோடு இன்னொன்றும் இருக்கிறது. சாப்பிட்டு, வயிறு நிறைந்து, வேனில் ஏறுமுன் ஏதாவது பேக்கரி கண்ணில் படும். இறங்கி, நின்றுகொண்டே, கிரீம் வைத்த பன் இரண்டு தின்பேன். சில நாள் மூன்று. பசியில்லை, ருசியும் தெரிவதில்லை. டிரைவர் முதலில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் வாயைத் திறந்துவிட்டார். "சார், முட்டை திங்கும்போது எங்கிட்டப் பேசிக்கிட்டே திங்கறீங்க. இத மட்டும் யாரோ தொரத்தறாப்ல திங்கறீங்களே, ஏன் சார்?"

தெரியவில்லை என்றேன். தெரியவில்லைதான். எழுபத்தெட்டைத் தொட்டுவிட்டால் கத்தியின் கீழ் படுக்க வேண்டும் என்ற பயமா? உன்மேல் கோபமா? நீ இல்லாமல் போய்விடுவாய் என்று நினைத்தாலே எனக்குக் கைகால் ஓடுவதில்லை. அப்படியிருக்க எந்தக் கை அந்தப் பன்னை வாங்கியது? ஊரான் தராசில் ஒரு கிராம் விட மாட்டேன். என் தராசை எங்கே கொண்டுபோய்ச் சோதிப்பது என்று புரியவில்லை.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

உன்னை விடுவிக்கிறேன். ஏற்பாட்டை ரத்து செய்யச் சொல்லி டாக்டருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். நாளை தபாலில் சேர்ப்பேன். இயந்திரத்தோடு பல வருடம் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். என் பக்கத்து நாற்காலிக்காரர் எட்டாவது வருடத்தில் இருக்கிறார். சீட்டுக்கட்டு கொண்டுவருகிறார்.

உன்மேல் கோபமில்லை. பன்னைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆறு வாரம் தவறான எண்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் வருத்தம். நாள்காட்டியில் பென்சிலால் குறித்துவைத்ததை எல்லாம் அழித்துவிட்டேன்.

இனி எடை எழுத வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 25

அக்கா,

விடுவிக்கிறாயா? கட்டியது யார்?

அன்றைக்கு அந்த அறையில் நடந்ததைச் சொல்கிறேன். டாக்டர் கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ ஜன்னல் வழியாக வெளியே நிற்கும் கார்களை எண்ணிக்கொண்டிருந்தாய். நீ திரும்புவாய் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. டாக்டருக்கு நேரமாகிறதே என்று தலையாட்டினேன். ஓட்டலில் பரிமாறுகிறவர் காத்திருக்கிறாரே என்று எதையாவது சொல்லிவைப்போமே, அதுபோல.

பிறகு என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார்கள். அது அவர்கள் வழக்கமாம். ஒரு பெண்மணி, "உங்கள யாராச்சும் கட்டாயப்படுத்தறாங்களா?" என்று கேட்டார். "கட்டாயமா? யாரும் கேக்கவே இல்லம்மா" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். நீ சொன்னதுபோலச் சிரித்துச் சமாளித்தேன்.

வேண்டும் என்று ஒரு தடவை உன் வாயிலிருந்து வந்திருந்தால் நான் சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்லியிருப்பேன். நீ கேட்கவும் இல்லை, எனக்கு மறுக்க வழியும் இல்லை. முட்டை தின்னு, காய் தின்னு, நட என்று மட்டும் வந்தது. யாருக்காக மெலிகிறேன் என்றே தெரியாமல் எப்படி மெலிவது?

கேட்காததை ரத்து செய்ய உனக்கு உரிமையில்லை. கேட்டுவிட்டு ரத்து செய்.

தம்பி

மே 2

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்தேன். ஐந்தாவதை எப்படியிருந்தாலும் அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டேன். அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்.

கான்வென்ட் சாப்பாட்டு அறையில் ஒரு பழக்கம். இரண்டாம் முறை வேண்டுமானால் தட்டை ஓர் அங்குலம் முன்னால் தள்ள வேண்டும். வாயைத் திறந்து கேட்கக் கூடாது. தள்ளுவதும் கேட்பதுதான் என்று தோன்றி நான் அதையும் செய்ததில்லை. பதினோரு வருடம் ஒரே பரிமாறலோடு எழுந்தேன். அதில் பெருமை இருந்தது. உன் அத்தான் போனபோதும், வீட்டைத் தனியாக நடத்தியபோதும், ஒருவரிடமும் ஒன்றும் கேட்டதில்லை என்று சொல்லிக்கொள்வதில் இருந்த பெருமையை நீ அறிவாய். அப்படிப்பட்டவள் தம்பியின் உடம்பிலிருந்து ஒரு பாகத்தை எப்படிக் கேட்பது? அதற்கு என்ன சொல் இருக்கிறது? அதனால்தான் வெள்ளரிக்காயைப் பற்றி எழுதினேன்.

உன் நலனுக்காக என்று எழுதியதும் பொய்தான். அந்தப் பொய்யின் எடை இப்போதுதான் தெரிகிறது. இன்னொன்றும் இருக்கிறது. அது சரியா என்று எனக்கே நிச்சயமில்லை. அவ்வளவு கறாராக எழுதினால் நீயே சலித்து மாட்டேன் என்று சொல்லிவிடுவாய், எனக்கும் வாங்கிக்கொள்ளும் அவமானம் இருக்காது என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்ததோ? இருந்திருக்கலாம். அதே சமயம், உன் எண் ஒவ்வொன்றையும் நாள்காட்டியில் குறித்துவிட்டு, எழுபத்தெட்டுக்கு இன்னும் எத்தனை கிலோ என்று விரல்விட்டு எண்ணினேன். இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் இருக்கும்? உன் பன் புதிர் உனக்கு, இது எனக்கு.

டாக்டருக்கு எழுதிய கடிதம் இன்னும் மேசையில் இருக்கிறது. தபால்தலை ஒட்டியாயிற்று. ஆனால் போடவில்லை.

நாற்காலிகள் வசதியாக இல்லை. இயந்திரத்தை விட்டு எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். பக்கத்து நாற்காலிக்காரர் சென்ற செவ்வாய்க்கிழமை வரவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

தம்பி, நான் சாக விரும்பவில்லை. எனக்கு உன் சிறுநீரகம் வேண்டும். தருவாயா?

மாட்டேன் என்று சொன்னாலும் நீ என் தம்பிதான். இதை மரியாதைக்காக எழுதவில்லை.

அக்கா

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டுவிட்டாய். வேனில் உட்கார்ந்து படித்தேன். டிரைவர், "யாருக்கு என்ன சார்?" என்று பதறினார். "ஒண்ணுமில்ல. அக்கா ஒண்ணு கேட்டிருக்கா" என்றேன். "கேட்டதுக்கா இப்படி அழுவறீங்க? எங்க அக்கா தெனம் கேக்குது" என்றார்.

நீ கேட்டதும் சரி என்று எழுதிவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். எழுத வரவில்லை. முதல்முறையாக மாட்டேன் என்று சொல்லும் வழி திறந்திருந்தது. அதை விட்டு வர மனம் வரவில்லை. மூன்று நாள் நடக்கும்போதெல்லாம் மாட்டேன், மாட்டேன் என்று சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன். எதிரே வந்த பால்காரர் ஒதுங்கிப் போனார். எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அக்கா. ஊசி என்றாலே எனக்குப் பயம். எல்லாக் காரணங்களையும் தட்டில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் கனமானவை. ஒன்றையும் நீ தப்பென்று சொல்ல முடியாது.

நான்காம் நாள் மதியம் வழக்கம்போல ஒரு பேக்கரி வாசலில் டிரைவர் தானாகவே வண்டியை நிறுத்தினார். இறங்கினேன். உண்மையாகவே பசித்தது. ஒரு பன் வாங்கி, நிழலில் உட்கார்ந்து, பாதியை நிதானமாகத் தின்றேன். ருசியாக இருந்தது. மீதியை டிரைவரிடம் கொடுத்தேன். பாதியில் நிறுத்த எப்படி முடிந்தது என்று கேட்காதே. எனக்கும் தெரியாது.

இன்று காலை சோதித்து முத்திரை வைத்த தராசில், எடைக்கல்லை இரண்டு முறை வைத்துப் பார்த்தபின், வெறுங்காலோடு ஏறினேன். 84.6. நாளைக்குள் எழுபத்தெட்டு நடக்காது. டாக்டரோடு பேசினேன். ஒழுங்காகக் குறைத்தால் போதும், ஜூலைக் கடைசிவரை பார்ப்போம் என்றார். அடுத்த சுற்றை அலுவலகத்தில் மாற்றிக் கேட்டிருக்கிறேன். உள்ளூர்த் தராசுகள்தான். உன் வீட்டுக்கு நடந்தே வரலாம். உனக்கு உப்பில்லாச் சாப்பாடு, எனக்குச் சர்க்கரையில்லாச் சாப்பாடு. சமைக்க ஒன்றும் மிஞ்சாது, கை கழுவிவிட்டு எழுந்துவிடலாம்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அறுவை மேசையில் படுக்கிற நிமிடம்வரை நான் மனம் மாறலாமாம். யாரும் காரணம் கேட்க மாட்டார்களாம். அதனால் ஜூலைக்கான பதிலை இப்போதே எழுதித் தர என்னால் முடியாது. பொய்யாகிவிடும். இன்றைய பதிலைத்தான் தர முடியும். இன்றைக்குச் சரி, அக்கா. தருகிறேன்.

நாளைய பதில் நாளைக்குத்தான் தெரியும். நாளைக்கும் கேள்.

தம்பி

மே 13

தம்பிக்கு,

இன்றைக்குத் தருவாயா?

அக்கா

மே 14

தம்பிக்கு,

நேற்றைய கடிதம் உனக்கு இன்னும் கிடைத்திருக்காது. அதற்குப் பதில் வருவதற்குள் இன்னும் நான்கைந்து கேள்விகள் போய்விடும். எந்தச் சரி எந்த நாளுக்கு என்று இருவருமே குழம்பப் போகிறோம். ஒவ்வொன்றிலும் தேதி போட்டிருக்கிறேன். பார்த்துப் பதில் எழுது.

இன்றைக்குத் தருவாயா?

அக்கா